தந்தையின் ஓய்வூதியத்தைக் கையாள 'பவர்' போதுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தைக்கு 81 வயது. பக்கவாதத்தால் வலது கை செயலிழந்துவிட்டது. சில மாதங்களாக நினைவும் அவ்வப்போது தடுமாறுகிறது. வங்கிக்கு வரும் ஓய்வூதியத்தை அவருடைய ஏடிஎம் அட்டையில் நானே எடுத்து, அவருக்கும் அம்மாவுக்கும் செலவிடுகிறேன். அண்ணன் கணக்குக் கேட்கிறார். 'பவர்' எழுதி வாங்கிக்கொண்டால் பிரச்சினை தீரும் என்கிறார்கள். தீருமா?"

தீராது. 'பவர்' என்பது, தம் சார்பில் செயல்பட ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனநலம் இழந்துவிட்டால் அவர் கொடுத்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. தந்தைக்கு நினைவு முற்றிலும் தவறும் நாளை எண்ணித்தான் பவர் எழுதி வாங்க நினைக்கிறீர்கள்; ஆனால் அந்த நாளில்தான் அது செல்லாமல் போகும். ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் கணக்குக்குரியவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது வங்கிகளின் நிபந்தனை என்பதால், நல்லெண்ணத்தோடு எடுத்த பணத்துக்கும் நாளை நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் தந்தைக்குத் தளர்ந்திருப்பது உடலா, அறிவா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழிகள் வேறு. நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, பணம் பற்றிய முடிவுகளை அவரால் புரிந்து எடுக்க முடிகிறது என்றால் அதை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.

கையெழுத்திட முடியாத ஓய்வூதியர்களுக்காக ரிசர்வ் வங்கி தெளிவான ஏற்பாடு செய்திருக்கிறது. பணம் எடுக்கும் படிவத்தில் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை பதித்தால் போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அவரை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க இயலாதவர் ஓர் அடையாளக்குறி இட்டு, தன் சார்பில் பணத்தைப் பெறுபவர் யார் என்பதையும் வங்கிக்குச் சொல்லலாம். அந்த நபரையும் இரு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர் தம் கையொப்பத்தை வங்கியில் பதிவு செய்ய வேண்டும். கிளையில் இந்த ஏற்பாட்டை அறியாதவர்கள் இருக்கக்கூடும் என்பதால், வாய்மொழியாகக் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளை அறிவுறுத்தியதையும் அதில் குறிப்பிடுங்கள்.

இதைவிட எனக்கு நல்லதாகத் தோன்றுவது, தந்தை தெளிவாக இருக்கும் இந்த நாட்களிலேயே அந்தக் கணக்கை உங்கள் அம்மாவுடன் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுவது. மத்திய அரசு ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிய தம் வாழ்க்கைத் துணையுடன் 'இருவரில் எவரேனும்' என்ற முறையில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மகனுக்கு அந்த இடம் இல்லை. அம்மா தம் கையெழுத்திலேயே பணம் எடுக்க முடியும். பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கில் வரும்.

உயிர்வாழ் சான்றிதழ் ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டியது. 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். அஞ்சல்காரர் வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க் கட்டணத்தில் மின்னணு முறையில் பதிவு செய்து தருவார். அஞ்சல் துறையில் பணிபுரிந்தவருக்கு அந்த வருகை மகிழ்ச்சியாகவும் இருக்கும்.

கூட்டுக் கணக்கு அமையுமுன் அறிவு முற்றிலும் மங்கிவிட்டால் நீதிமன்றமே வழி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் பிரதிநிதி சிகிச்சை பற்றி மட்டுமே முடிவெடுக்கலாம். பணத்தைத் தொட அவருக்கு அதிகாரமில்லை. கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் பாதுகாவலராக நியமித்தது. அத்தகைய மனுவுக்கு வேலூரில் உள்ள வழக்குரைஞர் ஒருவரே உங்களுக்கு வழிகாட்டுவார். செலவும் காலமும் பிடிக்கும் வழி அது.

அண்ணன் கணக்குக் கேட்பதைச் சந்தேகமாகக் கொள்ள வேண்டாம். அந்தப் பணம் தந்தையுடையது. மருந்து, பிசியோதெரபி, பராமரிப்பாளர் சம்பளம் ஆகியவற்றை ரசீதுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அம்மாவிடமும் அவரிடமும் காட்டுங்கள். தந்தை காலமானால் அன்றோ மறுநாளோ கிளைக்குத் தெரிவித்துவிட வேண்டும். இறந்த நாளுக்குப் பிறகான ஓய்வூதியம் வரவாகியிருந்தால் வங்கி அதைத் திரும்பப் பெறும், ஆகவே அதற்குப் பின் அட்டையைப் பயன்படுத்தி ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம்.