குளம், ஓடை, சதுப்புநிலம் மூன்றிலும் சிறு மீன்களைக் கணக்கெடுக்க ஒரே வலை போதுமா?

"ஒரே வலை, ஒரே முறை, அப்போதுதான் ஒப்பிட முடியும்" என்று உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நம்பிக் கெட்டேன்.

அப்போது எங்களிடம் இருந்தது 6 மீட்டர் இழுவலை, 3 மில்லிமீட்டர் கண்ணி. மணல் தரையுள்ள குளக்கரைக்கு அதைவிட வசதியான கருவி கிடையாது. ஆளுக்கொரு கழியைப் பிடித்து, ஈயக் குண்டு கோத்த அடிக்கயிறு தரையை உரசும்படி இழுத்து வந்தால் வலை நிறைய வெள்ளியாகத் துள்ளும். அதே வலையைக் கோரையும் பாசியும் மண்டிய சதுப்பில் இறக்கினோம். அடிக்கயிறு செடிகளின் மேல் ஏறிப் புரண்டது. கரைக்கு வந்து சேர்ந்தது, சுருட்டிய பாய் போல ஒரு பாசிப் பொதி. பிரித்துப் பார்த்தால் 4 மீன். "சதுப்பில் சிறு மீன்கள் அரிது" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறு ஆண்டு அதே இடத்துக்கு வயதான களப்பணியாளர் ஒருவர் தகரப் பெட்டியோடு வந்தார். நீளம் அகலம் இரண்டும் 1 மீட்டர், மேலும் கீழும் திறப்பு. சத்தமின்றி நடந்து போய்ச் சட்டென்று வீசி, விளிம்பைச் சேற்றுக்குள் அழுத்தினார். உள்ளே இருந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அலசிப் போட்டார். பிறகு கைவலையால் அள்ளத் தொடங்கினார். தொடர்ந்து 10 முறை வெறும் வலை வரும்வரை நிறுத்தவில்லை. அந்த ஒரு சதுர மீட்டரில் 43 மீன்கள். என் முகத்தைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்றது.

"பாசியிலும் இழுவலை போட்டு நிறையப் பிடித்திருக்கிறேன்" என்று யாராவது வருவார்கள். பிடித்திருப்பீர்கள், மறுக்கவில்லை. எத்தனை தப்பின என்பதுதான் என் கேள்வி.

கல் நிறைந்த ஓடையில் இழுவலை கல்லிடுக்கை விட்டுவிடும். அங்கே நீர் வரும் பக்கமும் போகும் பக்கமும் தடுப்பு வலை கட்டி, மின்சாரத்தால் மயக்கிப் பிடிப்பது வழக்கம். பிடித்ததைத் திரும்ப விடாமல் மூன்று சுற்றில் 60, 24, 10 என்று குறைந்துகொண்டே வந்தால் மொத்தம் 100 அளவில் இருக்கும் என்று கணக்கிடலாம். ஆனால் உடல் நீளம் குறையக் குறைய மீனின் மேல் விழும் மின்னழுத்தமும் குறையும், அது எளிதில் மயங்காது. ஆகவே குட்டி மீன்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். உப்பு நீரில் இந்த முறை எடுபடாது. உடனே சண்டைக்கு வராதீர்கள்: அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்களைத்தான் சொல்கிறேன், அதுவும் தனியாக அல்ல.

கூண்டு வைப்பதானால், காலியாக வந்த கூண்டை மீன் இல்லாததற்குச் சாட்சியாக்காதீர்கள். அலையும் மீன்தான் அதற்குள் நுழையும். ஒருநாள் காலையில் தூக்கியபோது உள்ளே ஒரே ஒரு விரால், வாயோரம் இன்னொரு மீனின் வால். செடி மண்டிய நீரில் இரவில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதால் கூண்டின் ஒரு பகுதி நீர்மட்டத்துக்கு மேலே தெரியவேண்டும். நான் அதை அறிந்துகொள்வதற்குள் ஒரு கூண்டு நிறைய மீன்கள் செத்து மிதந்தன.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியைத் தன் கையால் தட்டிச் செய்தவர், தொடையளவு சேற்றில் நின்று அதை வீசியவர், பின்னால் வந்த கட்டுரையில் நன்றி சொல்லும் வரியில்கூட இல்லை. வரைபடத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுத்தவர் மூன்றாம் ஆசிரியர். கேட்டதற்கு, "அவர் அதை எதிர்பார்க்கவில்லை" என்றார்கள். அவரிடம் யார் கேட்டார்கள்?

உங்கள் சதுப்பில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? பெட்டியின் உயரத்தைத் தாண்டினால் மேல்வழியாக மீன் போய்விடும்; அங்கே கூண்டைத்தான் நம்பவேண்டும். கூண்டில் கிடைத்த எண்ணிக்கையைக் குளத்து வலையின் எண்ணிக்கையோடு ஒரே அட்டவணையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.