கலங்கல் குளமும் முருங்கை விதையும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கட பிள்ளைகள் இருவர் முருங்கை விதையால் குளத்துத் தண்ணியைத் தெளியவைக்கும் செயற்றிட்டத்தை வலயப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். டிடிஎஸ் மானியிலும் அளவு குறையவில்லை. இதால் ஊருக்குப் பயன் இருக்கா, விட்டிடட்டோ?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

விடவேண்டாம். மானியிலும் பிழையில்லை, பிள்ளைகளிலும் பிழையில்லை. டிடிஎஸ் மானி அளப்பது கரைந்த உப்பை. கலங்கலோ கரையாமல் மிதக்கும் களி. விதையின் நேர் மின்னேற்றமுள்ள புரதம் மறை மின்னேற்றமுள்ள களித்துணிக்கைகளைத் திரட்டித் தாழவிடும், கரைந்த உப்பைப் பெரிதாய்க் குறைக்காது. அதனால்தான் கிணற்றுத் தண்ணியின் புளோரைட்டுக்கோ கடினத்தன்மைக்கோ இதை மருந்தென்று எழுதக்கூடாது.

முருங்கை தெளியவைக்கும் என்பது பழைய செய்திதான். உங்கள் குளத்துக்கு மாரியில் எவ்வளவு விதை, கோடையில் எவ்வளவு என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

நன்றாக முற்றி, மரத்திலேயே காய்ந்த விதையாக எடுங்கள். பச்சை விதை வேலைசெய்யாது. கோதுடைத்து, வெள்ளைப் பருப்பை இடித்து, 2 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் சுத்தத் தண்ணியில் கலக்கி, துணியில் வடியுங்கள். அன்றன்றைக்கே கரையுங்கள், வைத்தால் வலு குறையும். குளத்துத் தண்ணி நிரப்பிய ஒரு லீற்றர்ப் போத்தல் ஐந்து; அவற்றில் விடும் வடிநீர் முறையே 0, 2.5, 5, 7.5, 10 மில்லிலீற்றர். ஒன்றும் விடாத போத்தலை மறந்தால் முழு வேலையும் வீண். சும்மா வைத்தாலும் களி கொஞ்சம் தாழுமே! ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்கி, ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். கடைசிவரை வேகமாய்க் கலக்கினால் திரள் உடையும். அளவு கூடினாலும் களி திரும்ப மிதக்கும்; கூடப் போட்டால் கூடத் தெளியும் என்பது பொய்.

அளக்க, நெடிய கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்புச் சிலுவைக் குறி ஒட்டி, மேலிருந்து பார்த்தபடி போத்தலின் மேல்தண்ணியை ஊற்றுங்கள். குறி மறையும் உயரம்தான் அளவு. எந்தப் போத்தல் என்று தெரியாத பிள்ளை பார்க்கட்டும். மூன்று தரம் செய்யுங்கள்.

தெளிந்தது குடிதண்ணி ஆகாது, கிருமி மிஞ்சும். கொதிக்கவைத்து, அன்றைக்கே முடிக்கவேண்டும். விதையின் சேதனப்பொருள் தங்குவதால் அடுத்தநாள் நாறத் தொடங்கும்.

கார்த்திகையில் முதல் போத்தலை நிரப்பும்போது, திகதியையும் முதல்நாள் மழையையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.