ஓரம் கடிபட்ட ஐந்து ரூபாய்: எர்ரரா, அரத்தின் வேலையா?

திருப்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கல்லாவில் கிடைத்த மூன்று காசுகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு குறைந்த பழைய கனமான ஐந்து ரூபாய், சிங்கம் மழுங்கிய ஸ்டீல் ஒரு ரூபாய், நடுவட்டு ஆடுகிற பத்து ரூபாய். "இதெல்லாம் எர்ரர் காயினா? லட்சக்கணக்கில் போகுமாமே?" என்று கேட்கிறார். எர்ரர் காயின் என்றால் நாணயம் அடிக்கும் ஆலையிலேயே பிழையாக அடிபட்டு வெளியே வந்த காசு. லட்சத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் ஐந்து ரூபாய். மூன்றில் உருப்படியானது அதுதான்.

நீளமான தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுத்துத்தான் காசு அடிக்கிறார்கள். தகடு சரியாக முன்னே நகராவிட்டால் அடுத்த வெட்டு ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிவிடும், வில்லையில் பிறையளவு குறைந்துபோகும். அதே வில்லையை உருட்டி நெருக்கி விளிம்பு எழுப்பும்போது, குறைந்த பக்கத்தில் பிடிமானம் இல்லாததால் அதற்கு நேர் எதிரேயும் நெருக்கல் சரியாக விழாது. அதனால் எல்லோரும் கடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் முதலில் பார்ப்பது எதிர்ப்பக்கத்தை. அங்கே விளிம்பு மெலிந்தோ மங்கியோ இருந்தால் நல்ல அறிகுறி, முழுசாக எழும்பி நின்றால் சந்தேகம்தான். அடுத்து, கடிக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து. அச்சு இறங்கும்போது உலோகம் காலி இடத்தை நோக்கி ஓடுவதால் நிஜ எர்ரரில் எழுத்து லேசாக இழுபட்டு மங்கும். அரத்தால் ராவியதில் அது கத்தி வைத்து நறுக்கியது போல் சட்டென்று முடியும், வெட்டுமுகத்தில் பொடிக்கோடுகளும் இருக்கும். "எடை போட்டுப் பார்த்தேன், இந்தக் காசுக்குரிய 9 கிராமுக்குக் குறைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ராவினாலும் குறையத்தானே செய்யும்!

ஒரு ரூபாய் வெறும் தேய்மானம். கைமாறிக் கைமாறித் தேய்கிற காசில் மேடான இடங்கள்தான் முதலில் போகும், சிங்கத்தின் மூக்கு மாதிரி. அச்சுப் பள்ளத்தில் கிரீஸ் அடைத்துக்கொண்டதால் வரும் எர்ரர் வேறு மாதிரி இருக்கும், ஒரு எழுத்து காணாமல் போயிருக்கும், பக்கத்து எழுத்து பளிச்சென்று நிற்கும். ஆனால் ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு தெரிகிறதே, அதை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளமாக இருந்தால் கீறல். மேடாக இருந்தால் அச்சே விரிசல் விட்டு, அதற்குள் உலோகம் புகுந்து எழும்பிய கோடு, சின்ன எர்ரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து ரூபாயில் வெளிவளையமும் நடுவட்டும் ஒரே அடியில் இறுகி ஒன்றாகின்றன. பின்னால் யாரோ சுத்தியலால் தட்டியோ சூடு காட்டியோ நடுவட்டை நெகிழ்த்தியிருப்பார்கள். வட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு விற்கிற கில்லாடிகளும் உண்டு, இணைப்பைச் சுற்றி இடுக்கும் தட்டிய தழும்பும் காட்டிக்கொடுத்துவிடும். தண்டவாளத்தில் வைத்து நசுக்கியதைக்கூட எர்ரர் என்று கொண்டுவருகிறார்கள், சின்ன வயதில் நாம் செய்யாததா?

சரி, லட்சம். கடிபட்ட ஐந்து ரூபாய் நிஜமாக இருந்தால் சேகரிப்பவர்கள் முகமதிப்புக்கு மேல் கொடுப்பார்கள், கடி எவ்வளவு பெரிது, காசு எவ்வளவு புதுசு என்பதைப் பொறுத்து. லட்சக் கதையெல்லாம் ஆன்லைன் விளம்பரம். பழைய காசு, நோட்டு விற்றுத் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே கமிஷன், வரி என்று முன்பணம் கறக்கிறார்கள் என 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. யாராவது பணம் கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஐந்து ரூபாயைப் புளி போட்டுத் தேய்க்காமல் காகித உறையில் வையுங்கள். எதிர் விளிம்பு தெரிகிற மாதிரி, பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.