போதும் கர்த்தாவே

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்காகப் பாண்டிக்கு அழைத்துப் போகிறேன். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டேன். சபையில் ஞாயிறு பள்ளி மட்டும் எடுக்கிறேன், அதுவும் இப்போது பாரமாக இருக்கிறது.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. ராத்திரி 3 மணி வாக்கில் முழிப்பு வருகிறது, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல இருக்கிறது. கத்த முடியவில்லை, கை கால் அசையவில்லை. ஜெபக்குழுவில் ஒரு அக்காவிடம் சொன்னேன். "வீட்டில் ஒரு பிசாசின் கட்டு இருக்கிறது, அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது, 21 நாள் உபவாசம் எடு" என்றார்கள். எவ்வளவு யோசித்தும் அது என்ன பாவம் என்று தெரியவில்லை. இது சத்துருவான சாத்தானின் தாக்குதலா? தேவன் என்னை விட்டுவிட்டாரா? சில நேரம் போதும் என்று தோன்றுகிறது.

— ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "போதும்" என்பது களைப்பில் வரும் பெருமூச்சாக இருக்கலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்காதீர்கள். வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அப்படி அழைப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

அதே வார்த்தையைத் தேவனிடமே சொன்ன ஒரு மனிதர் வேதத்தில் இருக்கிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எலியா தீர்க்கதரிசியைப் பற்றிச் சொல்லும்போது கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்துக்கு அடுத்து 19 இருக்கிறது. ராணி யேசபேலின் ஒரு மிரட்டல் வந்ததும், பாகால் என்ற விக்கிரகத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்றவர் பெயெர்செபா வரைக்கும் ஓடுகிறார். வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் போகிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார்.

தேவன் அவருக்கு என்ன செய்தார் என்பதை நிதானமாகப் படியுங்கள். தூதன் வந்து, "உன்னிடத்தில் என்ன பாவம்?" என்று கேட்கவில்லை. எந்த ஆவியையும் கடிந்துகொள்ளவில்லை. தொட்டு எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு விழவில்லை. தூதன் இரண்டாம்தரம் வந்து தொட்டு, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். ஓரேப் மலையிலே தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலில் சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. ஒரு தீர்க்கதரிசிக்கே தேவன் அந்த வரிசையில்தான் செய்தார்.

அதனால் 21 நாள் உபவாசம் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த அக்கா உங்கள்மேல் அன்பில்லாமல் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் வாரத்தை யோசித்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, முடியாத ஒரு வயதானவரைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று பாண்டி வந்து சேர வேண்டும். டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் 4 மணி நேரம். அது முடியும்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால் அதையும் பார்த்துக்கொண்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். இப்படி ஓடுகிற உடம்புக்குச் சாப்பாட்டையும் நிறுத்தினால் என்ன மிஞ்சும்? பட்டினியை அந்த நாற்காலியிலேயே பாதி அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது நெஞ்சில் அமுக்குவது. ஊரில் இதை அமுக்குவான் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். கனவு காணும் நேரத்தில் கை கால் அசையாதபடி மூளை உடம்பைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் விழிப்பு முதலில் வந்துவிடும், உடம்பு விடுபடச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ ஆகும். அந்த இடைவெளியில் யாரோ அறையில் நிற்பது போலவும் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருப்பது போலவும் தோன்றும். தூக்கம் கெட்டவர்களுக்கும், மனஅழுத்தத்தில் இருப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. உயிருக்கு ஆபத்தில்லை. ஒருக்களித்துப் படுங்கள், அந்த நேரத்தில் "இயேசுவே" என்று மனதுக்குள் கூப்பிடுங்கள். அடிக்கடி வந்தாலோ, ஜெபிக்கவும் வாசிக்கவும் முடியாத நிலை வாரக்கணக்கில் நீண்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மன உளைச்சலுக்கு மருத்துவம் இருக்கிறது, அதுவும் தேவன் தந்ததுதான்.

சரி, அப்படியென்றால் சத்துரு என்று ஒருவன் இல்லையா? இருக்கிறான். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை நம்புகிறவன் நான். உங்கள் கடிதத்திலும் அவனுடைய வேலை தெரிகிறது, நீங்கள் பார்த்த இடத்தில் அல்ல, வேறு இடத்தில். களைப்பு அவனுடையதல்ல, அது உழைத்த உடம்பின் களைப்பு. "தேவன் உன்னை விட்டுவிட்டார், உன்னிடத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது" என்கிற பேச்சு இருக்கிறதே, அது அவனுடையது. கெடிலம் ஆற்றில் வெள்ளம் ஏறும்போது கரை எங்கே இளகியிருக்கிறதோ அங்கேதான் உடைத்துக்கொண்டு வரும். தூங்காத மனம்தான் அந்த இளகிய இடம். வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரம் அவனை இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன் என்கிறது. சகோதரி, ராத்திரி 3 மணிக்கு உங்களுக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

பரிசுத்த ஆவியானவர் பாவத்தை உணர்த்தும்போது பெயர் சொல்லி உணர்த்துவார். இன்னாரிடம் இப்படிப் பேசினாய், போய் ஒப்புரவாகு என்பார். போகிற வழியும் தெரியும், போனால் மன்னிப்பும் உண்டு. குற்றஞ்சுமத்துகிறவன் அப்படி எதையும் சொல்வதில்லை. ஏதோ இருக்கிறது, நீயே சரியில்லை என்று மூட்டமாகச் சொல்லி, உங்களை இரவெல்லாம் தேட வைப்பான். எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இனி தேடாதீர்கள். "கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று ரோமர் 8 தொடங்குகிறது. அதை ஒரு காகிதத்தில் எழுதித் தலையணைப் பக்கத்தில் வையுங்கள். அந்த நேரத்தில் வாதாட வேண்டாம், சத்தமாக வாசித்தால் போதும்.

கஷ்டம் வந்தாலே பாவம் இருக்கும் என்கிற கணக்கு நம் சபைகளில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் அதிகம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினத்தையும் தாழங்குடாவையும் சிங்காரத்தோப்பையும் கடல் அடித்தபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் காதுபடவே தண்டனை என்று பேசினவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசியிருக்கிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அல்லவென்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. பிரசங்க மேடைகளில் இது இன்னும் நிறையத் தடவை வாசிக்கப்பட வேண்டும்.

ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்கள். 88-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் முடிவில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, கடைசி வசனம் வரைக்கும் இருட்டுதான். அதையும் வேதத்துக்குள் வைக்க தேவனுக்குத் தயக்கம் இல்லை. அதுவும் முடியாத அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று எழுதியிருக்கிறது. பேதுருவைச் சாத்தான் கோதுமையைப் போலப் புடைக்கப் போகிறான் என்று ஆண்டவர் அவரிடமே முன்கூட்டிச் சொன்னார். உடனே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார். பேதுரு அன்றிரவு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்து விழுந்தார். ஆனாலும் அவருடைய விசுவாசம் ஒழியவில்லை. அதைக் காத்தது இயேசுவின் ஜெபம். உங்கள் விசுவாசத்தையும் நீங்கள்தான் பிடித்துவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு பயம்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் நிலைமை சபையில் எத்தனை பேருக்குத் தெரியும்? எலியா, "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றார். பாகாலுக்கு முழங்கால் முடங்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்று தேவன் சொன்னார், கூடவே துணைக்கு எலிசாவையும் கொடுத்தார். பாஸ்டரம்மாவிடம் போய், "எனக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஜெபிப்பார்கள், அதோடு நின்றுவிடும். மாதத்தில் இரண்டு தடவையாவது மாமியாரை அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும், டயாலிசிஸ் நாளில் ராத்திரிச் சாப்பாடு ஒரு வீட்டிலிருந்து வர வேண்டும் என்று நாளையும் வேலையையும் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரரிடமும் ஷிப்ட் இல்லாத நாளில் அவரே அழைத்துப் போகச் சொல்லுங்கள், அது அவருடைய அம்மா. ஞாயிறு பள்ளியை ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமாவது கொடுங்கள். பின்வாங்கிவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் கைகளைத் தாங்கினார்கள்.

நானும் என் மனைவியும் பாண்டியில்தான் இருக்கிறோம். டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் அம்மாவின் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்துகொள்வாள். அவருக்கு உப்பு, தண்ணீர், பழம் எவ்வளவு தரலாம் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள், சாப்பாடு அதன்படி கொண்டுவருகிறோம். அந்த 4 மணி நேரம் நீங்கள் எங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்