மகள் கேட்கும் படிப்புக்குப் பட்டியலில் பெயர் இல்லையே என்று கவலைப்படும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் தாவரங்களின் டி.என்.ஏ. மெத்திலேஷனை (டி.என்.ஏ. எழுத்தின்மேல் ‘மெத்தில்’ என்னும் சிறு வேதிக்கூறு ஏறி, பல நேரம் மரபணுவைப் பூட்டி வைப்பதை) ஆராய விரும்புவதாகவும், அப்படியொரு பட்டப்படிப்பை எந்தக் கல்லூரியிலும் காண முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இளநிலையில் அந்தப் பெயரில் தேட வேண்டியதில்லை. தாவரவியல், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை என எதில் சேர்ந்தாலும் முதுநிலைக்குப் பிறகே அவர் இத்துறைக்குள் நுழைவார்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் திசு வளர்ப்பில் உருவாக்கிய செம்பனைக் கன்றுகளை நட்டு, சில ஆண்டுகள் காத்திருந்து, காய்க்கும்போது பார்த்தால், சில மரங்களில் கனிகள் உருக்குலைந்து எண்ணெய் விளைச்சல் சரிந்துவிடும். தாய்மரத்துக்கும் கன்றுக்கும் டி.என்.ஏ. எழுத்து வரிசை ஒன்றே. பூவின் வடிவை நிர்ணயிக்கும் ஒரு மரபணுவுக்குள் ஒளிந்திருந்த ‘கர்மா’ என்னும் தாவும் மரபணுக்கூறு (மரபணுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் மாறக்கூடிய துண்டு) தன் மெத்தில் பூட்டை இழந்ததே காரணம் என 2015-இல் கண்டறிந்தார்கள். இந்த அறிவைக் கொண்டு நாற்றங்கால் கன்றின் இலைத்துணுக்கைச் சோதித்தே கோளாறுள்ள கன்றை விலக்க முடியும் என்பதால், விவசாயியின் பல ஆண்டு உழைப்பு வீணாகாமல் காக்கலாம்.

பரிணாமத்திலும் இதற்குப் பெரும் பங்குண்டு. பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்டறிந்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற தாவும் மரபணுக்கள், அப்பயிரின் மரபணுத்தொகுதியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் அடக்கி வைத்திருப்பது மெத்திலேஷன்தான். ஆனால் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் ஏறியிருந்தால் காலப்போக்கில் எளிதாகத் தைமின் என்னும் இன்னோர் எழுத்தாக மாறிவிடுவதால், அந்தக் காவலே தலைமுறை தலைமுறையாக எழுத்து வரிசையையும் மாற்றிவிடுகிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

அவர் இப்போது செய்ய வேண்டியது கணிதத்தைக் கைவிடாமல் இருப்பது. மெத்தில் எங்கே இருக்கிறது என்று அறிய, டி.என்.ஏ.வுடன் பைசல்பைட் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால் மெத்தில் இல்லாத சைட்டோசின் மட்டும் யுராசில் என்னும் வேறு எழுத்தாக மாறும். மெத்தில் உள்ளது அப்படியே நிற்கும். இவ்வாறு வாசித்தெடுக்கும் கோடிக்கணக்கான எழுத்துகளைப் புள்ளியியலும் பைத்தான் போன்ற கணினி மொழியும் தெரிந்தவரே பிரித்தறிய முடியும். தாவர ஆராய்ச்சியில் இடம் கிடைக்காத காலத்திலும் மருந்து, விதை, மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் வேலை தேட அந்தத் திறன் கைகொடுக்கும்.

ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை அவசியம் எழுதச் சொல்லுங்கள். அங்கே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு உண்டு. கிடைக்காவிட்டால் மூன்றாண்டு பி.எஸ்சி.யும் நல்ல வழியே. பின்னர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசிய அளவிலான தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால் மாதம் ரூ.37,000 உதவித்தொகை உண்டு. முனைவர் பட்டம் வரை பத்தாண்டு ஆகலாம் என்பதை மறைக்க மாட்டேன். அந்தக் காலக்கணக்கையும் குடும்பத்தின் பொருளாதார நிலையையும் மகளிடமே வெளிப்படையாகப் பேசிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். விண்ணப்பங்களை மூவருமாக உட்கார்ந்து நிரப்புவோம்.