சீரமைப்பா, வகையுளியா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, அடுத்த தொகுதி எல்லைச் சீரமைப்பின்போது, ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் மக்களை ஒரே தொகுதியில் வைக்கும்படி கேட்டுக் கையெழுத்து வாங்கப் போகிறார்களாம். இது இனவாதம் ஆகாதா? யார் எந்தத் தொகுதியில் இருந்தால் என்ன? – ஒரு வாசகர், பேராக், மலேசியா.

பதில்: முதலில் அந்தச் ‘சீரமைப்பு’க்கு வருகிறேன். இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடத்துப் பகை. இதற்காகச் செய்தியாளர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். மேடையில் பேசிவிட்டு இறங்கியவர்களை மடக்கிக் கேட்டிருக்கிறேன். ஒரு கோட்டை அழித்து வேறிடத்தில் போடுவதற்குப் பெயர் எல்லை மாற்றம். அங்கே வாழ்கிறவர்கள் பார்த்து, சீராகத்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகு வேண்டுமானால் சீரமைப்பு என்று எழுதுங்கள். வேலை தொடங்கும் முன்பே நற்சான்றிதழ் கொடுத்துவிடும் சொல் இது. என் பக்கத்தில் இதுவரை எல்லை மாற்றம் என்றுதான் அச்சாகியிருக்கிறது, இனியும் அப்படித்தான்.

சீர் என்றவுடன் எனக்கு யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், நினைவுக்கு வரும். அங்கே சீர் என்பது செய்யுள் அடியின் ஒரு துண்டு. வெண்பா எழுதிப் பழகுகிறவன் சீக்கிரமே வகையுளியில் வந்து மாட்டுவான். தளை தட்டக் கூடாது, அதாவது சீருக்குச் சீர் ஓசைக் கட்டு கெடக் கூடாது என்பதற்காக ஒரு சொல்லை நடுவில் பிளந்து, தலையை ஒரு சீரிலும் வாலை அடுத்த சீரிலும் வைப்பான். அசையை எண்ணினால் கணக்குச் சரி. வாய்விட்டுப் படித்தால் பொருள் இருக்காது. எங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர் அப்படி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “சொல் அழுவது உனக்குக் கேட்கவில்லையா?” என்பார். பெரும் புலவர்களும் வகையுளி செய்திருக்கிறார்கள், வேறு வழியே இல்லாத இடத்தில்.

தொகுதி எல்லையிலும் இதே வகையுளிதான். எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்று சொல்லி ஊரைப் பிளக்கிறார்கள். எண்ணிக்கையாவது சரியாக வந்ததா? 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட எல்லைகளின்படி, ஒரே சிலாங்கூர் மாநிலத்தில் டாமன்சாராவில் அப்போது ஒன்றரை லட்சம் வாக்காளர்கள். சபாக் பெர்ணமில் 37 ஆயிரம் சொச்சம். போய்ச் சேரக் கடினமான கிராமப்புறத்துக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. நான்கு மடங்கு எந்தக் கணக்கில் கொஞ்சம்? 1957-இல் இந்த வேறுபாடு சராசரியிலிருந்து 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருந்தது. 1962-இல் அதைத் தளர்த்தினார்கள். 1973-இல் எடுத்தே விட்டார்கள்.

யார் எங்கே இருந்தால் என்ன என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தோட்டம் கைமாறிய பிறகு லயத்து மக்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், சாலையோரத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறினார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் அக்காள், அந்தப் பக்கம் தங்கை. இருவருமே எழுபதைக் கடந்தவர்கள். ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். நலத்துறை உதவித்தொகை நின்றுபோனது என்று இருவரும் ஒன்றாகக் கிளம்பி, பட்டணத்தில் இருக்கும் ஒரு மக்கள் பிரதிநிதியின் சேவை மையத்துக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். தங்கையின் தாள்களை வாங்கிக்கொண்டார்கள். அக்காளின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்த இளைஞர், “பாட்டி, உங்கள் வீடு அடுத்த தொகுதி. அங்கே போய்க் கொடுங்கள்” என்றார். அந்த ‘அங்கே’ பதினான்காம் கட்டையில் (மைல்கல்லில்) இருக்கிறது. அந்த அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். உறையின் வாயை ரப்பர் வளையத்தால் இரண்டு சுற்றுச் சுற்றினார். தங்கையைப் பார்த்து, “நீ இருந்து முடித்துவிட்டு வா” என்றார். அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த வரைபடத்தில் அக்காளும் தங்கையும் இல்லை. ஒரு சாலைதான் இருந்தது.

இனி உங்கள் ‘இனவாதம்’. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது அட்டவணையைப் படியுங்கள். எல்லையை மாற்றும்போது மக்களுக்கு ஏற்படும் சிரமத்தையும், உள்ளூர்ப் பிணைப்புகள் காக்கப்படுவதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. இனம் என்ற பேச்சே அந்த வரியில் இல்லை. எங்கள் தாமானின் பிணைப்பு என்றால் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டுமா? சம்பளம் வரும்வரை கணக்கில் அரிசி கொடுத்த சீனர் கடை, தோட்டத்து லாரியைப் பழுதுபார்த்த மலாய்க்காரரின் பட்டறை, எல்லோரும் வரிசையில் நிற்கும் கிளினிக், எல்லாமே அதில் அடக்கம். இந்த ஊரைச் சேர்த்து வையுங்கள் என்று கேட்டால் அவர்களையும் சேர்த்தே கேட்கிறோம். இன்னொன்று: இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றாக இருந்தால் ஆளப் போகிறோமா? வேட்பாளர் நம் வாசலுக்கு வந்து குறை கேட்கும் அளவுக்கு நம் ஓட்டு ஓரிடத்தில் இருக்கும், அவ்வளவுதான். அதையும் இரண்டாக உடைத்தால் இரண்டு பேருமே வர மாட்டார்கள்.

இதன் வலி அமெரிக்காவில் குடியேறிய கொரியர்களுக்கும் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1992-இல் கலவரம் மூண்டு அவர்களின் கடைகள் எரிந்தன. உதவி கேட்டுப் போன இடத்தில், இது என் தொகுதி இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. ஒன்றரை மைல் சதுரம்கூட இல்லாத குடியிருப்பை நான்கு நகரசபைத் தொகுதிகளுக்கும் ஐந்து மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கும் பங்கு போட்டிருந்தார்கள்.

நமக்கு இது புதிதா? துண்டாடல் என்ற சொல்லை நம் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். வேலையோடு வீடும் போயிற்று, கோயிலும் பள்ளியும் அநாதையாயின. அதைத் தடுக்கத்தான் அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டம் வாங்கிய தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் நாம். நிலத்தில் ஒருமுறை துண்டாடப்பட்டவர்களை வரைபடத்தில் இன்னொரு முறை துண்டாட விட மாட்டேன்.

எனவே கையெழுத்து வாங்குகிறவர்களைத் தடுக்காதீர்கள். முதலில் நீங்கள் போடுங்கள். ஓர் எல்லை மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. தீபகற்பத்தில் கடைசியாக நடந்தது 2018-இல். புதிய பரிந்துரை வெளியானால் ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம்தான் அவகாசம். சம்பந்தப்பட்ட தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நூறு பேர் சேர்ந்து ஆட்சேபித்தால், தேர்தல் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். தொண்ணூற்றொன்பது போதாது. முகவரி மாறியவர்கள் இப்போதே பட்டியலைச் சரிபாருங்கள். எந்தத் தெருவிலிருந்து பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், தேர் எந்த வழியாக வருகிறது, மழைத் தண்ணீர் எந்த வீடுகளுக்குள் நுழைகிறது என்று கையால் ஒரு படம் வரைந்து மனுவோடு இணையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். பதினான்காம் கட்டைக்குப் போய் வந்த அந்த அம்மாள் தன் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.