பிடித்த பாட்டும் இடைச்செருகலும்

வணக்கம் ஐயா,
குத்தாலத்துக்காரன் நான். திருமூலரின் திருமந்திரம் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ சிலிர்க்கவைக்கிறது. ஆனால் அவர் மூவாயிரம் ஆண்டு வாழ்ந்தது, கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது எதையும் நம்ப முடியவில்லை. ஒப்பாத பாடல்களை இடைச்செருகல், பின்னால் யாரோ சேர்த்தது என்று தாண்டிவிடுகிறேன். இதில் அணு விஞ்ஞானம் இருப்பதாக வீடியோக்களில் சொல்கிறார்கள். முன்முடிவில்லாமல், ஏமாறாமலும் வாசிப்பது எப்படி? எந்தப் பதிப்பு வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

பதிப்பு எதுவானாலும் சரி, பொழிப்புரை இருந்தால் போதும். மூவாயிரம் ஆண்டுக் கதைக்கு அலட்டிக்கொள்ளாதீர்கள். சாத்தனூரில் செத்த இடையன் உடம்பில் ஒரு யோகி புகுந்து திருமூலர் ஆனதையும், ஆவடுதுறை அரசமரத்தடியில் ஆண்டுக்கொரு பாட்டு வந்ததையும் பெரியபுராணத்தில் சேக்கிழார் அழகாகச் சொல்கிறார். ரசித்துவிட்டு மேலே போங்கள்.

எனக்குக் கோபம் வந்தது ‘இடைச்செருகல்’ என்ற இடத்தில். இருக்கலாம், பதிப்புகளில் மூவாயிரத்துக்கு மேலேயே பாட்டு இருக்கிறது. அதைச் சொல்ல ஏடு பார்க்க வேண்டும், யாப்பும் நடையும் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஒரு சான்றா? உங்கள் சந்தேகம் பிடிக்காத பாட்டைக் கடிக்கிறது, பிடித்த பாட்டைக் கண்டால் வாலாட்டுகிறது.

வீடியோக்காரரும் இதையேதான் செய்கிறார். பசுவின் மயிரை நூறாகவும் ஆயிரமாகவும் கூறிட்டுச் சீவனின் அளவைச் சொல்லும் பாட்டைப் பிடித்துக்கொண்டு அணு என்கிறார். இரண்டாம் தந்திரத்தில், அதாவது நூலின் இரண்டாம் பகுதியில், கரு உண்டாவதைச் சொல்லும் கர்ப்பக்கிரியை இருக்கிறதே, அதை ஏன் காட்டுவதில்லை? கூடும்போது மூச்சு வலது மூக்கில் ஓடினால் ஆண் பிள்ளை, இடதில் ஓடினால் பெண். தாய் வயிற்றில் மலம் மிகுந்தால் பிள்ளை மந்தம், சலம், அதாவது மூத்திரம், மிகுந்தால் ஊமை, இரண்டும் ஒத்திருந்தால் குருடு என்கிறது அது.

நரசிங்கன்பேட்டையில் இருந்த என் அத்தையின் இரண்டாவது பையனுக்குப் பேச்சு வரவில்லை. படித்த பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பாட்டை ராகமாகச் சொல்லிவிட்டு, ‘உண்டாயிருந்தப்போ மூத்திரத்தை அடக்கினியா?’ என்று எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டார். நல்ல மனுஷர்தான், வாழைத்தார் வெட்டினால் எங்களுக்கு ஒரு சீப்பு வந்துவிடும். பாட்டைச் சந்தேகிக்கத் தெரியவில்லை, அதனால் அவளைச் சந்தேகித்தார்.

அத்தை அதற்காகத் திருமூலரைக் கைவிடவில்லை. மாடு வைத்திருந்தவள். இடையனின் உடம்பைச் சுற்றி நின்று பசுக்கள் அழுத கதையை எங்களுக்குச் சொல்வாள். ‘மாடு அழுவும்டா, நான் பார்த்திருக்கேன். உள்ளே பூந்த கதையை அவரையே கேட்டுக்க’ என்பாள். உங்கள் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பக்கிரியையை இடைச்செருகல் என்று தள்ளித் திருமூலரைக் காப்பாற்றாதீர்கள். அவரே சொன்னதானாலும் அது தப்பு என்று சொல்லுங்கள். அப்புறம் ‘ஒன்றே குலமும்’ பாட்டுக்கு வாருங்கள். அதைச் சிலிர்ப்போடு சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை, யார் யாருக்கு எது என்று விசாரித்துவிட்டு அந்தப் பாட்டை இன்னொரு முறை வாசித்து எனக்கு எழுதுங்கள். அதுவரை வீடியோ வேண்டாம்.